சஸ்திர சிகிச்சைப் பயிற்சிக்கு முன்னேற்பாடு

(நமது சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் வைத்தியர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



வைத்தியக் கல்லூரியிற் பயிலும் நம் சமூகத்துப் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் திரளாகக் கூடியிருக்கும் இச்சபையில், அவர்களுக்கு உடனே பயன்படத்தக்க விஷயமொன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசிப் பகுதிக்கு முன்னர், மாணவர் தாமே துறை தெரிந்தெடுத்துப் பயிலும் விருப்பப் பயிற்சி 2019-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் ஏற்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் இரண்டு மாதமாயிருந்த இக்காலம் பின்னர் ஒரு மாதமாகக் குறைக்கப்பட்டது. அதில் ஒரு பாகம் ஆய்வுக்கூடங்களைச் சார்ந்தது. மற்றொரு பாகம் நோயாளிகளைப் பார்க்கும் பிரிவுகளைச் சார்ந்தது. பெற்றோரிற் சிலர் இதனை வீண் காலமென்று கருதி, வருகைக் கையொப்பம் மாத்திரம் பெற்றுக்கொண்டு மேற்படிப்புப் பரீட்சைக்குப் படிக்கும்படி பிள்ளைகளை ஏவுகின்றனர். இவ்வபிப்பிராயம் எவ்வளவு தவறானது என்பதை எடுத்துக்காட்டவே முன்வந்தேன்.

2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, பரீட்சை தேறியவர் 12 மாதம் ஆஸ்பத்திரியிற் சுழற்சி முறையில் வேலை செய்தல் வேண்டும். அதில் பொது சஸ்திர சிகிச்சைக்கு 6 வாரமும், மயக்க மருந்து மற்றும் தீவிர சிகிச்சைக்கு 2 வாரமும், எலும்புச் சிகிச்சைக்கு 2 வாரமும், அவசர சிகிச்சைக்கு 2 வாரமும் ஒதுக்கப்பட்டுள்ளன. இப்பயிற்சியாளரை ஹவுஸ் சர்ஜன் என்று அழைக்கிறோம். பெயரிலே சர்ஜன் என்றிருப்பினும் கத்தி பெரும்பாலும் அவர் கையில் இராது. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணி செய்வோர் என நால்வகை வகுத்தனர். ஹவுஸ் சர்ஜன் நிற்குமிடம் பெரும்பாலும் அந்த நான்காம் இடமே. நடுநிசியில், வயிற்றில் சஸ்திரம் செய்யப்பட்டவரின் படுக்கையருகே சென்று நாடி பார்ப்பவரும், சிறுநீர் அளப்பவரும், காயக் கட்டு மாற்றுபவரும், இரத்தத்துக்குச் சீட்டெழுதுபவரும் அவரே. பெரிய வைத்தியரை எப்பொழுது எழுப்பவேண்டும் என்பதை அறிந்திருத்தலே அவருடைய முதல் வித்தை.

ஆதலால், சர்ஜனாக விரும்பும் மாணவர் விருப்பப் பயிற்சியையும் சஸ்திர சிகிச்சைப் பிரிவிலேயே கழிப்பது பொருத்தமென்று எண்ணவேண்டா. அப்பிரிவு எவ்விதமும் பின்னர் வரும். அதற்குத் துணையாகும் துறைகளையே தெரிந்தெடுத்தல் நலம்.

அவற்றுள் முதலாவது தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே இரத்தம் கசியும் நோயாளிக்கு இரத்த அழுத்தம் வீழுமுன்பே நாடி விரைவதுண்டு, சிறுநீர் குறைவதுமுண்டு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி லிட்டருக்குக் குறைந்தால் கவனிக்கவேண்டும் என்பது பொது அளவு. இந்த எண்ணைப் புத்தகத்திற் படித்தவர் பலர். குறிப்பறிந்து அஞ்சுபவர் சிலரே. அந்த அச்சம் படுக்கையருகே நின்றவர்க்கே வரும்.

இரண்டாவது மயக்க மருந்துத் துறை. மூச்சு நின்றவருக்கு முகமூடியும் பையும் கொண்டு காற்றூட்டும் கைப்பழக்கம் அங்கேதான் ஒழுங்காக அமையும். மூன்றாவது எக்ஸ்ரே முதலிய படங்களைப் படிக்கும் துறை. நிமிர்ந்து நிற்கையில் எடுத்த மார்புப் படத்தில் உதரவிதானத்தின் கீழ் காற்று தெரியின், குடல் அல்லது இரைப்பை துளைபட்டிருக்கக் கூடும். அதைக் கண்ணுறுபவரால் ஓருயிர் பிழைக்கும்.

ஆய்வுக்கூடப் பாகத்திற்கு நுண்ணுயிரியலைச் சொல்வேன். சீழை எவ்வாறு எடுத்தனுப்புவது, எக்கிருமிக்கு எம்மருந்து செல்லும் என்று நேரிற் கண்டவர், காரணமின்றி மருந்தெழுதார். உடற்கூற்றில் தளர்ந்தவராயின் உடற்கூற்றுக் கூடத்திற்கே திரும்புவதும் தக்கதே. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும். நூல் முடிச்சுப் போடுதலை வீட்டிலேயே நாள்தோறும் பழகலாம்.

சிறு காரியங்களின் பெருமைக்கு ஒரு சான்று கூறுகிறேன். உலக சுகாதார ஸ்தாபனம் சஸ்திர சிகிச்சைக்கு 19 அம்சங்கொண்ட சரிபார்ப்புப் பட்டியலொன்றை வகுத்தது. நோயாளியின் பெயர், சஸ்திரம் செய்யுமிடம், மருந்து ஒவ்வாமை ஆகியவற்றை உரக்கக் கேட்டுச் சரிபார்ப்பதே அதன் முறை. புதுடில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதனைப் பரீட்சித்து 2009-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8-ஆகக் குறைந்தது. புதிய கத்தியோ புதிய மருந்தோ அன்று. கவனமே இப்பயனைத் தந்தது.

பெற்றோர்களே, மேற்படிப்பு முக்கியமென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பரீட்சையை மறுமுறையும் எழுதலாம். தவறவிட்ட நோயாளியை மறுமுறை பெறலாகாது. மாணவர்களே, துறையைத் தெரிந்தெடுக்குமுன் அங்கு முன்னர் பயின்றவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆசிரியர் அருகிருந்து கற்பிக்கிறாரா? கையால் செய்ய இடமுண்டா? இரவு வேலையைக் காண அனுமதியுண்டா? மூன்றுக்கும் ஆமென்று விடை வரின், அத்துறை பெயரில் சிறிதாயினும் தயங்காமற் சேருங்கள்.

குடும்பத்தில் முதன்முதலாக வைத்தியம் பயில வந்த பிள்ளைக்கு இவற்றைச் சொல்ல வீட்டில் எவருமில்லை. நம் சமூகத்து வைத்தியர்கள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் அத்தகைய மாணவரை அழைத்து வழிகாட்டச் சங்கம் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.