கீழ்வேளூர்த் தொம்பையும் ஈஞ்சம்பாக்கத்து மெழுகும்

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற சாலையில் இருக்கிறது கீழ்வேளூர். உங்களில் பலர் அதைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள். சிக்கலுக்கோ, நாகூருக்கோ, வேளாங்கண்ணிக்கோ போகிற அவசரம். அந்த ஊர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேடிலியப்பர் கோயிலும் தெரிந்ததுதான். கோச்செங்கட் சோழன் பெயரைச் சொல்லும் மாடக்கோயில், யானை ஏற முடியாதபடி படி வைத்த கட்டுமலை. பக்கத்து ஆனைமங்கலத்தில் யானைக்கு வேறு வேலை கொடுத்தார்கள். ராஜராஜன் அந்த ஊரை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குக் கொடுத்தபோது, ஒரு பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறித்தார்கள். அதைச் சொல்லும் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகரம்வரை போய்விட்டது. சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நான் சொல்ல வந்தது கோயில் வாசல் தெருவை. சின்ன வயதில் அந்தத் தெருவில் எனக்குப் பிடித்தது சாமி இல்லை, தொம்பை. உருளை உருளையாகத் துணியில் தைத்துத் தேரில் தொங்கவிடுவார்களே, அதுதான். அப்பா கையைப் பிடித்து இழுக்க இழுக்க, நான் அண்ணாந்து அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். செங்காவி நிறத்தில் யாளி, கிளி, கொடி. கறுப்புக் கோடு கொஞ்சமும் கசியாமல் கத்தி மாதிரி நிற்கும்.

கோடு ஏன் கசியவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணீரில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு மை பரவாமல் பிடித்துக்கொள்ளும். கறுப்பு மை என்பது துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் போட்டு நாள்கணக்கில் ஊறவைத்த தண்ணீர். கிட்டே போனால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள்! இந்த வேலைக்குப் பேர் பெற்றது கொள்ளிடக் கரையில் உள்ள கோடாலிக் கருப்பூர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கு அங்கே சேலை செய்தார்கள். சரிகையோடு நெய்த துணியில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றுவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது, அவ்வளவுதான் சூத்திரம். 2021-இல் இந்த வேலைக்குக் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மெழுகு என்றதும் என் நினைப்பு சென்னை ஈஞ்சம்பாக்கத்துக்குப் போய்விடுகிறது. கீழ்வேளூரை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1960-களில் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து வெளியே வந்த பிள்ளைகளுக்குப் படம் போடத் தெரியும், வாங்கத்தான் ஆள் இல்லை. கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர் ஒரு வழி கண்டார். எல்லோரும் சேர்ந்து பாத்திக் துணி போடுங்கள், கைவினைப் பொருள் செய்யுங்கள், விற்ற காசில் நிலம் வாங்குவோம் என்றார். கருப்பூரைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாத்திக் ஜாவாத் தீவில் பேர் பெற்ற வேலை. ஆனால் இங்கேயும் மெழுகுதான், சாயம்தான். ஒரே ஒரு வித்தியாசம்: பாத்திக்கில் காய்ந்த மெழுகைக் கசக்குவார்கள், விரிசல் வழியே சாயம் இறங்கி மெல்லிய நரம்புபோல் ஓடும். கருப்பூர்க்காரர் பார்த்தால் வேலை கெட்டுப்போயிற்று என்பார். இவர்களோ அந்த விரிசலைத்தான் அழகு என்றார்கள்.

1966-இல் மாமல்லபுரம் சாலையில் அந்த ஈஞ்சம்பாக்கத்தில், சவுக்கும் மணலுமாகக் கிடந்த ஏறக்குறைய 10 ஏக்கரில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அரசு மானியத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. கைவினை வேலை வயிற்றுக்கு, மீதி நேரம் ஓவியத்துக்கு. கலைஞனுக்கு இதைவிட மானமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து நம் நாட்டில் குறைவு. பணிக்கரும் அங்கேயே குடியிருந்து வரைந்தார். அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைப் படங்களைப் பாருங்கள். ஜாதகக் கட்டம்போல இருக்கும், எழுத்துப்போல இருக்கும், ஆனால் வாசிக்க முடியாது. நம் ஊர் ஜோசியர் பார்த்தால் என்ன பலன் சொல்வாரோ!

2009-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பணிக்கர், அவர் மகன் நந்தகோபால், தனபால், ஆதிமூலம் என்று சென்னைக் கலை இயக்கத்தின் பெரியவர்களை ஒரே கூரையில் பார்க்கலாம். அதே வளாகத்தில் இளையவர்கள் புதுப் படைப்புகளை வைக்கத் தனிக் கூடங்கள் உண்டு. வெளியூர்க் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்ய இடமும் உண்டு. எனக்குப் பெரியவர்களின் கூடத்தைவிட இளையவர்களின் கூடம்தான் பிடிக்கும். சில படங்கள் சுமார்தான். ஆனால் வரைந்தவர் பல நேரம் அங்கேயே நிற்பார், கேட்டால் பதில் சொல்வார். பெரியவர்களின் கூடத்தில் அது நடக்காது.

அடுத்த முறை சென்னைக்குக் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் ஓர் அரைநாள் ஒதுக்குங்கள். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நின்றுகொண்டிருக்கும் ஓவியரிடம் எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அவர்கள் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் நிற்கிறார்கள்.