தேதி தள்ளிப்போன கல்யாணம்

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெண்ணின் தாத்தா தவறிவிட்டார். கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் போன் மேல் போன். "மீதிப் பணம் எப்ப சார்?"

என் அக்கா வீட்டில் நடந்தது இது. அத்தான் பதறவில்லை. அட்வான்ஸ் ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோரிடமும் ஒன்றே கேட்டார்: "இதுவரைக்கும் உங்களுக்கு என்ன செலவாச்சு?" சமையல்காரர் முந்திரியும் நெய்யும் வாங்கிய சீட்டை நீட்டினார்; அந்தத் தொகையைக் கொடுத்தார். மேளக்காரர் அதே நாளில் வந்த இன்னொரு கல்யாணத்தை விட்டவர். அவருக்கும் கொடுத்தார். முகூர்த்த நாளை நம்பிப் பிழைக்கிறவர்கள், கொடுக்கத்தான் வேண்டும். மண்டபம் மட்டும் முழு வாடகை கேட்டது. ஆனால் அதே தேதிக்கு வேறொரு வீட்டாருக்கு மண்டபத்தை விட்டிருந்தார்கள்!

இப்படி முழுத் தொகை கேட்டால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்; நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

அத்தான் அவ்வளவு தூரம் போகவில்லை. மண்டபத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து பேசினார். மேனேஜர் பழைய ரசீதின் பின்பக்கத்தில் ஆவணித் தேதியையும், 'அட்வான்ஸ் இதற்கே சேரும்' என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.