தோற்றுப்போன வேட்பாளரின் அறிக்கை

வேட்பாளர்கள் கொடுக்கும் துண்டறிக்கைகள் தேர்தல் முடிந்ததும் கடலை மடிக்கப் போய்விடும். 1832 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டு பத்திரிகை ஒன்றில் வந்த அறிக்கையை மட்டும் இன்றைக்கும் படிக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட ஒரு கடைச் சிப்பந்தி எழுதியது அது. வயது 23. நியூ சேலம் என்ற சிற்றூரில் குடியேறி ஓராண்டுகூட ஆகவில்லை. பெயர் ஆபிரகாம் லிங்கன்.

அந்த வட்டாரத்தின் பெரிய குறை போக்குவரத்து. விளைந்ததை வெளியூர்ச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை. ரயில் பாதை வேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள். லிங்கனும் ரயிலைப் போல நல்லது வேறில்லை என்றுதான் எழுதினார். ஆனால் அடுத்த வரியிலேயே செலவைச் சொன்னார்: மதிப்பீடு 2,90,000 டாலர். நம்மால் தாங்க முடியாது. சங்கமன் ஆற்றைச் சீர்செய்வோம், வளைவுகளை வெட்டி நேராக்குவோம், அடித்து வந்து கிடக்கும் மரங்களை அகற்றுவோம் என்றார். அவர் அந்த ஆற்றை அறிந்தவர். முந்தைய ஆண்டுதான் அவர் ஓட்டிவந்த சரக்குப் படகு நியூ சேலம் ஆலை அணையில் சிக்கிக்கொண்டது. ஆற்றைச் சீர்செய்ய என்ன செலவாகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் எழுதினார். எந்த வேட்பாளர் அப்படி எழுதுவார், சொல்லுங்கள்!

கந்துவட்டிக்கு வரம்பு கட்டச் சட்டம் கேட்டார். எந்தச் சட்டத்தையும் ஏய்க்க வழி உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே, உயிர்போகும் அவசரத்தில் இருப்பவன் தவிர வேறு யாரும் ஏய்க்கத் துணியாதபடி சட்டம் கடினமாக இருக்கட்டும் என்றார். வட்டிக்கடைக்காரனையும் கடனாளியையும் ஒருசேரப் பார்த்தவரின் பேச்சு இது.

கல்விதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்றார். திட்டம் எதுவும் வைக்கவில்லை. மொத்தமாக ஓராண்டுகூடப் பள்ளியில் உட்காராதவர் அவர். தன் கருத்து தவறென்று தெரிந்தால் கைவிடத் தயார் என்றும் எழுதினார்.

அந்த ஏப்ரலில், பூர்வகுடித் தலைவர் பிளாக் ஹாக்கை எதிர்த்த பிளாக் ஹாக் போர் வந்தது. படையில் சேர்ந்து, தேர்தலுக்குச் சில நாள் முன்புதான் ஊர் திரும்பினார். ஆகஸ்டில் வாக்குப்பதிவு. 13 பேரில் எட்டாவது இடம், தேர்வானவர்கள் நால்வர். அவரை நேரில் அறிந்த நியூ சேலத்தில் மட்டும் 300 வாக்குகளில் 277 அவருக்கு விழுந்தன.

1834-இல் மீண்டும் போட்டியிட்டு வென்றார். கதையை இங்கேயே நிறுத்தினால் அழகாக இருக்கும். உண்மை அத்தோடு நிற்கவில்லை. 1837-இல் ரயில், சாலை, ஆறு என்று ஒரு கோடி டாலருக்கு மேல் செலவிடும் திட்டத்தை இல்லினாய் சட்டமன்றம் நிறைவேற்றியது. லிங்கன் அதை முன்நின்று ஆதரித்தார். அதே ஆண்டு பொருளாதார நெருக்கடி வெடித்தது. பணிகள் பாதியில் நின்றன. சில ஆண்டுகளில் கடனுக்கு வட்டிகூடக் கட்ட முடியாத நிலைக்கு மாநிலம் வந்தது.

என்னைக் கேட்டால், 1832-இல் தோற்ற வேட்பாளருக்குத் தயங்காமல் வாக்களிப்பேன். 1837-இன் சட்டமன்ற உறுப்பினருக்குப் போட்டிருக்க மாட்டேன்.