வெள்ளித்திரையும் ஊனமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் சினிமாவைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்கிறானே எனப் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். கல்வியின் மேன்மையைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே எடுத்துரைத்துவிட்டனர். நம் பாட்டன் பாட்டிமாரில் பலர் பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தவர் அல்லர். ஆயினும் அறுவடைக் கூலி கைக்கு வந்த மாதங்களில், தஞ்சைத் தரணியின் டூரிங் கொட்டகைகளில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து அவர்கள் படம் பார்த்தார்கள். எழுத்தறியாதார்க்குத் திரையே பாடநூலாயிற்று. அந்தப் பாடநூலில் பார்வையற்றோர், கால் நடவாதோர், காது கேளாதோர் ஆகியோரைப் பற்றி என்ன எழுதப்பட்டிருந்தது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'மாற்றுத்திறனாளிகள்' என்பது திருக்குவளையில் பிறந்த கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 2010 ஆம் ஆண்டில் அரசு வழக்கிற்குக் கொண்டுவந்த சொல். அதனை மதிக்கிறேன். திரையில் ஒலித்தவை வேறு சொற்கள். அவற்றை ஆராயப் புகும்போது பழைய சொற்களையும் உச்சரிக்க நேரும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் நம் வட்டாரத்தோடு தொடர்புடைய ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1954 இல் வெளிவந்த 'ரத்தக்கண்ணீர்'. அதற்கு மூலமான நாடகத்தை எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு, பகுத்தறிவு இயக்கத்துப் பேச்சாளர். நாயகனாக நடித்தவர் எம். ஆர். ராதா. மூடநம்பிக்கையை மேடையிலும் திரையிலும் அவர்போல் சாடியவர் அரிது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய செல்வன் ஒருவன் தாயையும் மனைவியையும் புறக்கணித்து, காந்தா என்னும் பெண்ணின் வீட்டில் செல்வத்தையெல்லாம் அழிக்கிறான். பின்னர் தொழுநோய் கண்டு தெருவில் அலைகிறான். மனைவியைத் தன் நண்பனுக்கு மறுமணம் செய்துவைக்கும் துணிவு அப்படத்திற்கு இருந்தது. அந்நாளில் அது சிறிய துணிவன்று. ஆனால், அந்த நோயை எதற்காக அவன் உடம்பில் ஏற்றினார்கள்? அவன் செய்த தீமைக்குக் கூலியாக. தண்டிக்கும் கடவுளை ஒப்புக்கொள்ளாத நாடகம், தண்டனையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873 இலேயே அதனைக் கண்டறிந்துவிட்டார். அப்படம் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் டாப்சோன் என்னும் மருந்து நம் மாநிலத்தில் வழக்கிற்கு வந்திருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயராகிய டாக்டர் பால் பிராண்ட், நோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை. நரம்பு உணர்விழந்ததால் சூடும் காயமும் தெரியாமல் புண்ணாகிக் குறுகுகின்றன என்பதை உலகுக்கு விளக்கியவரும் அவரே. கொட்டகையிலிருந்து வீடு திரும்பிய எவரும் இச்செய்தியைக் கொண்டு செல்லவில்லை. 'ஆடிய ஆட்டத்துக்குப் பலன்' என்பதையே கொண்டு சென்றார்கள். வாழ்க்கைத் துணைக்குத் தொழுநோய் இருப்பது மணமுறிவுக்கு ஒரு காரணம் என்னும் விதி நம் நாட்டுச் சட்டங்களிலிருந்து நீக்கப்பட்டது 2019 இல்தான்.

இதனை நான் ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறேன்? முற்பிறவியில் செய்த பாவத்தால் சேரியில் பிறந்தாய் என்று நம் முன்னோரிடம் சொன்னவர்களும், முற்பிறவிப் பாவத்தால் உனக்குக் கண் இல்லை என்று சொல்பவர்களும் ஒரே கணக்குப் புத்தகத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அதில் நமக்குரிய ஏட்டைக் கிழித்தெறியும்படி அண்ணல் அம்பேத்கர் கற்பித்தார். மற்ற ஏட்டை நம் வீடுகளிலேயே இன்னும் மடித்து வைத்திருக்கிறோம்.

ஊனம் பாவத்தின் கூலி என்று வைத்துவிட்டால், கதையை முடிக்க இரண்டே வழிகள்தாம் மிஞ்சும். ஒன்று மன்னிப்பு, மற்றொன்று மரணம். 'பாகப்பிரிவினை' (1959) மன்னிப்பின் வழி. சிறுவயதில் மின்சாரம் தாக்கிச் செயலிழந்த நாயகனின் கையும் காலும், இறுதிக் காட்சியில் இன்னொரு மின் அதிர்ச்சியால் சரியாகிவிடுகின்றன. சிவாஜி கணேசனின் நடிப்பில் நான் குறை காணவில்லை. மடங்கிய கையோடு அவர் படம் முழுவதும் உழைத்து, மணந்து, தந்தையாகி வாழ்ந்து காட்டினார். அத்தனைக்குப் பிறகும் அந்தக் கை நிமிர்ந்தால்தான் படம் நிறைவுறும் எனக் கதை நினைத்ததே, அதுதான் குறை. 'தெய்வ மகன்' (1969) மரணத்தின் வழி. முகம் விகாரமாகப் பிறந்த குழந்தையைக் கொன்றுவிடும்படி பெற்ற தந்தையே மருத்துவரிடம் கூறுகிறான். காப்பாற்றப்பட்டு வளர்ந்த அம்மகன் இறுதியில் தம்பிக்காக உயிரை விடுகிறான். பல ஆண்டுகள் கழித்து வந்த 'நான் கடவுள்' (2009) இதில் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. உடற்குறை உடைய உண்மையான மனிதர்கள் பலர் அதில் நடித்தனர். பிச்சையெடுக்க வைத்துப் பிழைக்கும் கும்பலின் கொடுமையை அது மறைக்காமல் காட்டியது. இயக்குநர் பாலாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் பார்வையற்ற அப்பெண்ணுக்கு நாயகன் அளிப்பது என்ன? கொலை. அதற்குப் படம் சூட்டிய பெயர் விடுதலை. வாழ வழி கேட்டவளுக்கு வீடுபேறு கொடுத்து அனுப்புவதை நாம் வேறு இடங்களிலும் கேட்டதுண்டு. நந்தனார் கதை தெரிந்த தில்லைச் சீமைக்கு அருகிலிருக்கும் நமக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

இனி சிரிப்புக்கு வருவோம். 'சின்னத்தம்பி' (1991) ஊர் ஊராக ஓடிய படம். அதில் கவுண்டமணி ஏற்ற வேடத்திற்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. அதனை மறைக்க அவர் படும் பாடு முழுவதும் நகைச்சுவை. கொட்டகை குலுங்கிச் சிரித்தது. மாலைக்கண் என்பது என்ன? மங்கிய ஒளியில் பார்க்க உதவும் பொருளைக் கண் ஆக்கிக்கொள்ள வைட்டமின் ஏ வேண்டும். தீட்டிய அரிசியில் அது இல்லை. கீரை, பால், முட்டை, மீன் காணாமல் சோற்றையும் நீராகாரத்தையும் மட்டுமே உண்டு வளரும் குழந்தைக்கு முதலில் அந்தி வேளையில் கண் தெரியாமற் போகும். கவனிக்காவிட்டால் கருவிழி குழைந்து பார்வை நிலையாகவே போய்விடும். இக்கொடுமையைத் தடுக்கவே 1970 இல் நடுவண் அரசு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆக, மாலைக்கண் என்பது பசியின் வேறொரு பெயர். நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த நாட்டில், நாற்று நட்டவளின் குழந்தை விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தால், அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? வரப்புக் கீரையும் நண்டும் நத்தையும் உண்கிறார்கள் என்று நம்மை இழித்துப் பேசினார்களே, நம் பிள்ளைகளின் கண்களைக் காத்ததில் அவற்றுக்கும் பங்குண்டு.

அடுத்தது பெயர். 1977 இல் பாரதிராஜா இயக்கிய '16 வயதினிலே' வந்தது. கால் ஊனமுற்ற ஏழை இளைஞன். ஊர் முழுவதற்கும் எடுபிடி. பெயர் கோபாலகிருஷ்ணன். ஆனால் ஊர் அவனுக்கு வைத்த பெயர் சப்பாணி. அப்படி அழைப்பவனை அறைந்துவிடு என்று மயில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அவனும் அறைகிறான். தமிழ்த் திரையில் ஊனமுற்ற ஒருவன் தன் பெயருக்காகக் கை ஓங்கிய அந்த இடத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில் பெயர் பறிபோவது என்ன என்பதை இம்மண்ணில் நம்மைவிட அறிந்தவர் யார்? பண்ணையாள் முறை நிலவிய நாளில், நரைத்த தலையுடைய நம் பெரியோரை மிராசுதார் வீட்டுச் சிறுவன் 'வாடா, போடா' என்றான். சாணிப்பாலும் சவுக்கடியும் அந்நாளில் தண்டனைகளாக இருந்தன. எதிர்த்து நின்ற போராட்டங்களுக்குப் பின்னரே 1952 இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவ்வாறு அடிபட்டு முடமானவர்களின் கதையை எந்தப் படமும் சொல்லவில்லை. கதிரடிக்கும் எந்திரத்தில் கையைப் பறிகொடுத்தவர், தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் ஆகியோரின் கதையும் திரைக்கு வரவில்லை. திரையில் ஊனம் விதியால் வரும், விபத்தால் வரும், வில்லனால் வரும். கூலி வேலையால் மட்டும் வருவதில்லை.

இளைஞர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நம்மைப் 'பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்' இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதைக் குற்றமாக்கியது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரை அதே போன்ற இடத்தில், அதே நோக்குடன் அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. இரு சட்டங்களும் ஏறத்தாழ ஒரே சொற்களால் பேசுகின்றன. பட்டியல் இனத்தைச் சேர்ந்த பார்வையற்ற பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிய ஆந்திர மாநில வழக்கொன்றில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சாதி, பால், ஊனம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து அளந்தால் அவள் பட்ட துன்பம் புலப்படாது என்பதை விரிவாக எடுத்துரைத்தது. திரைப்படங்களைப் பற்றியே 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் பேசியது. ஓர் இந்திப் படத்தில் மாற்றுத்திறனாளிகள் இழிவாகச் சித்திரிக்கப்பட்டனர் என ஒருவர் தொடுத்த வழக்கு அது. ஊனத்தைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு என அத்தீர்ப்பு பிரித்துக் காட்டியது. அவர்களைப் பற்றிப் படம் எடுப்போர் அவர்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்றது.

நல்ல படங்களே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 'ராஜ பார்வை' (1981) படத்தில் பார்வையற்ற வயலின் கலைஞன் கடைசிவரை பார்வை பெறுவதில்லை; காதலில் வெற்றி பெறுகிறான். வசூலில் அது தோற்றது. 'மொழி' (2007) படத்து நாயகி காது கேளாத, வாய் பேசாத பெண். குணமாகாமலேயே வேலை பார்க்கிறாள், கோபப்படுகிறாள், நேசிக்கப்படுகிறாள். திருச்சிக்கு அருகே 1981 இல் பேருந்து விபத்தில் ஒரு காலை இழந்த சுதா சந்திரன் என்னும் நடன மணி, ஜெய்ப்பூர்க் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் ஆடினார். அவர் கதையை 'மயூரி' (1985) என்று தெலுங்கில் எடுத்தபோது அவரே நடித்தார். 'ராஜ பார்வை' எடுத்த சிங்கீதம் சீனிவாசராவே அதற்கும் இயக்குநர். ஜெய்ப்பூர்க் காலைப் பற்றி ஒரு செய்தி: 1968 அளவில் அதனை உருவாக்கியவர்களில் மருத்துவர் சேத்தியோடு ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் ஒருவர். செருப்பில்லாமல் நடக்கலாம், தரையில் சம்மணமிடலாம், சேற்றில் இறங்கலாம். நடவு வயலை நம்பிப் பிழைப்பவரின் தேவையை, பட்டம் பெற்றவரோடு ஒரு தொழிலாளியும் சேர்ந்தே அறிந்தார்.

நம் சமுதாயத்து வாழ்வைச் சொல்லும் இயக்குநர்கள் வந்த பிறகு பார்வை சற்றே மாறியிருக்கிறது. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படத்தில் மனம் பிறழ்ந்தவனாக வரும் ஜானியை அக்குடியிருப்பு துரத்துவதில்லை. தன்னில் ஒருவனாக வைத்துக்கொள்கிறது. மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) தொடங்கும்போதே வலிப்பு கண்ட சிறுமி நடுச்சாலையில் துடித்து இறக்கிறாள். பேருந்துகள் கடந்து போகின்றன, ஒன்றும் நிற்பதில்லை. அவளைக் கொன்றது வலிப்பா, நிற்காத பேருந்தா? எழுபதாண்டுத் தமிழ்ப் படங்களில் இக்கேள்வியை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

இதே கேள்வியை நம் தெருவிலும் கேட்டாக வேண்டும். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய ஒரு பெண் எங்கள் தெருவில் இருந்தார். தம்பிமார் மூவரும் பள்ளி சென்றனர். அவருக்கு மட்டும் ஆடு மேய்ப்பதும் அடுப்பு எரிப்பதும். பள்ளி இரண்டு மைல், இடையில் வாய்க்கால், வாய்க்காலுக்குக் குறுக்கே ஒற்றைப் பனைமரம். அக்குடும்பத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் அவரை அழைக்கத் தெருவே வைத்திருந்த பெயர் 'நொண்டி'. மிராசுதார் வைத்த பெயரன்று; நாம் வைத்தது. அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியவந்தது வாக்காளர் பட்டியலில்தான்.

அரசு வேலைகளில் நான்கு விழுக்காடும், உயர்கல்வியில் ஐந்து விழுக்காடும் 2016 ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவை. நம் பிள்ளைகளில் இரு உரிமையும் உடையவர் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கு அலையும் பெற்றோர், ஊனச் சான்றிதழை வாங்கக் கூச்சப்படுகிறார்கள். அது இருந்தால் பெண்ணுக்கு வரன் வராதாம். கல்விக் கழகத்தின் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகச் சென்று, இத்தகைய பிள்ளைகள் யார் யார் எனக் குறிப்பேட்டில் எழுதி வருவது நல்லது. எழுதும்போது தெரு அழைக்கும் பெயரை எழுதாமல், பெற்றவர் வைத்த பெயரைக் கேட்டு எழுதுங்கள்.

இறுதியாக ஒன்று. இந்த மண்டபத்திற்கு ஏறி வர ஏழு படிகள் இருக்கின்றன. மேடைக்கு மேலும் மூன்று. மாலையில் வந்தபோது, சக்கர நாற்காலியில் வந்த தம்பி ஒருவரை நால்வர் தூக்கி உள்ளே வைத்ததைப் பார்த்தேன். தூக்கியவர்களின் அன்பை மதிக்கிறேன். அத்தம்பியின் முகத்தையும் பார்த்தேன். படிகளின் கிழக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்ட இடம் இருக்கிறது. அதற்கு ஆகும் செங்கல், சிமெண்டுக் கணக்கைப் பற்றிக் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பேச வேண்டும். கொத்து வேலை தெரிந்த தம்பிகள் சற்று இருந்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.