மது தொடாத கல்லீரல்

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் பிற்பகல் அமர்வில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்லீரலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் விழாக் குழுவின் மூத்தவர் ஒருவர், "நம்மவர்க்கு அது எதற்கு? நாம் மதுவும் தொடுவதில்லை, புலாலும் உண்பதில்லை" என்றார். அவரைக் குறை கூற மாட்டேன். மருத்துவம் பயின்ற நானே பல ஆண்டுகள் அவ்வெண்ணத்தில்தான் இருந்தேன்.

என் நாற்பதுகளில் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வேன். எஸ்.ஜி.பி.டி. என்னும் கல்லீரல் நொதியின் அளவு ஓராண்டு 34, மறு ஆண்டு 38. தாளில் 40 வரை இயல்பு என்று அச்சிட்டிருந்தார்கள், மடித்து வைத்துவிட்டேன். வயிறு முன் தள்ளுவதை என் மனைவியார் சுட்டிக்காட்டியபோது நகைத்தேன். 49ஆம் வயதில் நீரிழிவு வந்தது. ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் கொழுப்பு நிறைந்திருந்தது.

அந்த எண்களை நான் பொருட்படுத்தியிருக்க வேண்டும். மேற்கு ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 6,000 ஆடவரை ஐந்தாண்டுக் காலம் கவனித்த ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. எஸ்.ஜி.பி.டி. 29க்கு மேல் இருந்தவர்களுக்கு, 17க்குக் கீழ் இருந்தவர்களைக் காட்டிலும், நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. எடை, மது, தொடக்கச் சர்க்கரை அளவு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னரும் அது ஏறத்தாழ இரு மடங்கு. 29 என்பது தாளில் இயல்பு என்று அச்சாகும் எண் என்பதை நினைவிற் கொள்க.

இது எவ்வாறு நிகழ்கிறது? கல்லீரல் ஒரு களஞ்சியம். நாம் உறங்கும்போது அது சர்க்கரையைச் சிறிது சிறிதாக இரத்தத்திற்கு அளந்து தருகிறது. உணவு வந்ததும் இன்சுலின், "போதும், நிறுத்து" என்கிறது. அரிசியும் வெல்லமும் இனிப்பும் தேவைக்கு மிஞ்சும்போது கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றித் தன்னுள்ளேயே அடைத்துக்கொள்கிறது. அவ்வாறு கொழுத்த கல்லீரலுக்கு இன்சுலினின் சொல் சரிவரக் கேட்பதில்லை. அதனால்தான் இரவு முழுதும் ஒன்றும் உண்ணாதவர்க்கும் காலையில் சர்க்கரை ஏறி நிற்கிறது. இதில் மதுவுக்கு இடமே இல்லை. விழாப் பந்தியில் இரண்டாம் முறை கேட்டு வாங்கும் சர்க்கரைப் பொங்கலுக்கு இடமுண்டு.

ஆடவர்க்கு இடர் சற்று முந்தியே வருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை கொழுப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் தங்கும். நமக்கோ வயிற்றினுள் சேரும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் பருத்தவரை நம்மூரில் ஒல்லியானவர் என்றே சொல்கிறோம். நம் நாட்டு ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்கு மேற்படக் கூடாது.

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கம் நம் பாட்டனார் வீட்டில் இருந்தது. கடையடைத்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பி உண்ணும் நம்மில் எத்தனை பேர் அதைக் காக்கிறோம்?

இனி நல்ல செய்தி. கல்லீரல் மன்னிக்கும் உறுப்பு. உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தாலே கொழுப்பு பெரிதும் கரையும். 80 கிலோ எடையுள்ளவர்க்கு ஆறு முதல் எட்டுக் கிலோ. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், நீரிழிவு வந்து ஆறாண்டுக்கு உட்பட்டவர்கள் உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இழந்தனர். ஓராண்டு முடிவில் அவர்களுள் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நீரிழிவு வரம்புக்குக் கீழ் வந்தனர். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுள் அந்நிலை எய்தியவர் 4 விழுக்காட்டினரே.

ஒன்றை மட்டும் வேண்டுகிறேன். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் தொடங்க வேண்டா. சர்க்கரை திடீரெனத் தாழ்வது உயிருக்கே தீங்கு.

முப்பது வயது கடந்த ஆடவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தாள்கள் இருப்பின் எடுத்து வாருங்கள். அமர்வு முடிந்ததும் அளவு நாடாவுடன் மண்டப வாயிலில் அமர்ந்திருப்பேன். வெட்கப்பட வேண்டா, முதலில் என் இடுப்பைத்தான் அளந்து காட்டுவேன்.