பிரேக்கில் காற்று இருக்கலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கடன் வாங்கி, சிறுகச் சிறுகக் கட்டி, டாடா ஏஸ், ஆம்னி என்று வண்டி வைத்திருக்கிறோம். பீஸ் கட்டு ஏற்றிக்கொண்டு அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி என நாள் முழுக்க ஓட்டம். தவணை கட்டியாச்சா என்று மாதாமாதம் கேட்கிறோம். பிரேக் சரியா இருக்கா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? மெக்கானிக் பார்த்துக்குவாருன்னு விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த வண்டியில் போவது நம் வீட்டு உயிர்தானே?

பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டு போவது பிரேக் ஆயில். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்று புகுந்தால் நம் மிதி முழுக்கக் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். கிணற்று மோட்டாரில் ஏர் பிடித்தால் தண்ணி ஏறாதல்லவா, அந்த மாதிரி.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு, மூன்று தடவை அடித்தால்தான் பிடிக்கும். ஆயில் குறைந்தாலோ, கசிந்தாலோ, பாகம் மாற்றினாலோ காற்று புகும். பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் விடாமல் பிரேக் மிதித்தால் சூட்டில் அது கொதித்து ஆவியாகி, காற்று போலவே ஏமாற்றும்.

ஏர் எடுப்பது இரண்டு பேர் வேலை.

1. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

2. மூடியில் போட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை, புது பாட்டிலிலிருந்து ஊற்றுங்கள். இஞ்சின் ஆயில் ஊற்றவே கூடாது, ரப்பர் கெட்டுவிடும்.

3. சக்கரத்துக்கு உட்புறம் உள்ள நிப்பிளில் கண்ணாடி மாதிரி டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள்.

4. ஒருவர் பெடலை மெதுவாக நாலு தடவை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி "பிடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மற்றவர் நிப்பிளைக் கொஞ்சம் திருக, காற்று குமிழியாக வரும். நிப்பிளை மூடின பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும்.

5. குமிழி நிற்கும் வரை செய்யுங்கள். நடுநடுவே டப்பாவில் ஆயில் குறையாமல் பாருங்கள். தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்துதான். எந்தச் சக்கரம் முதலில் என்பது வண்டிப் புத்தகத்தில் இருக்கும்.

ஏபிஎஸ் உள்ள வண்டிக்குத் தனிக் கருவி தேவைப்படலாம், சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். பெரிய பஸ்களில் காற்றாலேயே பிரேக் பிடிக்கும், அது வேறு முறை.

முடிந்ததும் பெடல் கெட்டியாக நிற்க வேண்டும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் கசிவோ, மாஸ்டர் சிலிண்டர் கோளாறோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே ரோட்டுக்குக் கொண்டு போக வேண்டும்.

நாமே ஸ்பேனர் பிடிக்கணும்னு இல்லை. பக்கத்தில் நின்று பார்ப்போம், கேள்வி கேட்போம். ஆயில் மாற்றிய தேதியைத் தீர்மான நோட்டில் எழுதுவோம். கம்பெனி வேனில் போகிறவர்களும் டிரைவரண்ணாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். தவணை ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் கட்டிக்கலாம். பிரேக் ஒரு தடவை தவறினால்?