காற்றில் வரும் கங்கு



காட்டுத்தீயைப் பற்றி இந்தப் புளியந்தோப்புப் பேட்டையில் என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். மேற்குத் தொடர்ச்சி மலை எங்கே, நம் ஆடுதொட்டி எங்கே? ஆனால் தீயின் குணம் அறிந்த மக்கள் சென்னையில் யார் என்றால், வடசென்னை மக்களைத்தான் முதலில் சொல்லவேண்டும். ஓலைக் குடிசைகள் நெருக்கியடித்து நின்ற காலத்தில், சித்திரை வெயிலில், அடுப்பிலிருந்து தெறித்த ஒரு பொறி போதும், தெருவே எரிந்துவிடும். அந்தத் தீ வீடு வீடாக வரிசையில் வந்ததில்லை என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். எரிகிற கீற்று காற்றில் எழும்பி நாலு வீடு தாண்டி விழும். இங்கே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் புதிதாகப் பற்றிக்கொள்ளும். அப்போது விவரம் தெரிந்த ஆட்கள் எரிகிற வீட்டை விட்டுவிட்டு, இன்னும் எரியாத வீட்டின் மேல் ஏறுவார்கள். கட்டை அறுத்துக் கூரையைப் பிரித்து எறிவார்கள். வீட்டுக்காரம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு அழுவார். அந்த ஒரு வீட்டு இடைவெளியில்தான் தெருவின் மிச்சம் பிழைக்கும்.

மலையில் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்களே, அதுவும் இதுதான். கோடைக்கு முன்பே காட்டின் குறுக்கே ஒரு பட்டை அளவுக்குப் புல்லையும் சருகையும் அகற்றி, வெறும் மண்ணாக விடுகிறார்கள். வருகிற தீ தின்ன எதுவும் இல்லாமல் அங்கே நிற்கவேண்டும் என்பது கணக்கு.

தீ அப்படி நிற்காத ஒரு நாள் 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போன இரண்டு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் தீயில் சிக்கின. மகளிர் தினத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து போன பெண்கள் அவர்களில் பலர். ஆளுயரத்துக்குக் காய்ந்து நின்ற புல், செங்குத்துச் சரிவு, அடித்த காற்று மூன்றும் சேர்ந்துகொண்டன. தீ மேட்டில் ஏறும்போது வேகம் பிடிக்கும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மேட்டை நோக்கி ஓடும் மனிதனால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. 23 உயிர்கள் போயின. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் முதலில் மலையேறிப் போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தவர்கள் அந்த மலையடிவார மக்கள்.

அதற்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வேண்டியதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த விதிகள் மலைக்கு வந்துபோகிறவர்களைப் பற்றியவை. மலையிலேயே குடியிருப்பவர்களைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. பளியர், இருளர், சோளகர் குடியிருப்புகள், தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள், பூண்டும் உருளைக்கிழங்கும் போடும் மலைக் கிராமங்கள் எல்லாம் ஒவ்வொரு மாசியிலும் பங்குனியிலும் இந்தத் தீயோடுதான் இருக்கின்றன. 2024 கோடையில் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காடு எரிந்தபோது அங்கே ஜனங்கள் வீட்டு வாசலில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆண்டு மார்ச்சில் குன்னூர் அருகே ஃபாரஸ்ட்டேல் பகுதியில் தீ பற்றியது. தேயிலைத் தோட்டத்தில் காய்ந்த செத்தைக்கு வைத்த தீ காட்டுக்குள் தாவியது என்று வனத்துறை வழக்குப் போட்டது. நாள்கணக்கில் எரிந்தது. சூலூரிலிருந்து விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்து, ரேலியா அணையில் தண்ணீரை முகந்து மேலிருந்து கொட்டியது. 16 ஆயிரம் லிட்டருக்கு மேல் கொட்டியதாகச் சொன்னார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற தாய்மார்களுக்கு அந்த அளவு சட்டென்று புரியும்: இரண்டு லாரித் தண்ணீர். ஒரு மலையே எரியும்போது அது எம்மாத்திரம்? தரையில் பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடித்து அடித்து அணைத்த வனப் பணியாளர்களும் தீத்தடுப்புக் காவலர்களும் இல்லாவிட்டால் ஹெலிகாப்டரால் மட்டும் ஆகியிருக்காது. அந்தக் காவலர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பழங்குடியினர். கோடை மாதங்களுக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்பட்டு, மழை வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள்.

இந்தியக் காட்டுத்தீயில் மின்னலால் பற்றுவது மிகமிகக் குறைவு. ஏறக்குறைய எல்லாமே மனிதக் கையிலிருந்து போனதுதான். அணையாத பீடி, சமைத்துவிட்டு அணைக்காமல் போன அடுப்பு, வரப்பில் வைத்த தீ எல்லாம் அதில் அடக்கம். நாட்டின் காட்டுப் பரப்பில் 36 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் வாய்ப்புள்ளது என்று இந்திய வன ஆய்வு நிறுவனம் 2019 அறிக்கையில் சொன்னது. இன்று செயற்கைக்கோள் தீயைக் கண்டதும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. செய்தி போகிறது சரி, போய் அணைக்க ஆள் வேண்டுமே.

வீடுகள் எப்படி எரிகின்றன என்பதை உலகத்துக்குக் காட்டிய ஊர் கலிஃபோர்னியாவின் பாரடைஸ். குரங்கணி எரிந்த அதே 2018இல், நவம்பர் 8ஆம் தேதி. மின்கம்பியிலிருந்து கிளம்பிய தீயில் 85 பேர் இறந்தார்கள், 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. ஊரைவிட்டு வெளியேறும் சாலைகள் அடைத்துக்கொள்ள, காருக்குள்ளேயே சிலர் செத்துப்போனார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் வீடுகள் சாம்பலாகிக் கிடந்த தெருக்களில் பக்கத்து மரங்கள் பச்சையாக நின்றன! தீ மரத்துக்கு மரம் வரவில்லை. காற்றில் வந்த கங்கு கூரை இடுக்கிலும் வாசல் சருகிலும் விழுந்து வீட்டைப் பற்றவைத்திருக்கிறது. நம் ஓலைக் கீற்று செய்த அதே வேலை. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் ஜாக் கோஹன் எரியும் காட்டுக்கு எதிரே மரச்சுவர்களை நிறுத்திச் சோதித்தவர். 30 மீட்டர் தள்ளி நின்ற சுவர் பற்றவில்லை. வீட்டைக் காப்பது வீட்டைச் சுற்றியுள்ள அந்தக் குறுகிய இடம்தான் என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்.

அப்படியானால் மலையோரத்து வீட்டைச் சுற்றிச் செத்தையைக் கூட்டவும், உண்ணிச்செடிப் புதரை வெட்டவும் யாருக்கு உரிமை? பல குடியிருப்புகளில் வாசலைத் தாண்டினால் காப்புக்காடு. ஒரு புதரில் கைவைத்தால் வழக்கு வருமோ என்ற பயம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்கு மட்டும் இளந்தீ வைத்து, பெருந்தீக்கு இரை இல்லாமல் செய்துவந்தார்கள். அந்த வழக்கம் தடை செய்யப்பட்டது. இன்று அங்கே உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. தடை ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் காட்டில் பிறந்து வளர்ந்தவர்களின் கைப்பழக்கத்தைக் குற்றமாக்கியது பெரும் பிழை.

இப்படிப்பட்ட தடைக்கு மலைமக்கள் முன்பே பதில் சொன்னதுண்டு. 1921ஆம் ஆண்டை இந்த ஊர் மறக்காது. பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தின் நடுவே இதே புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதே ஆண்டுக் கோடையில் வடக்கே குமாவூன் மலைகளிலும் தீ. வெள்ளைக்காரன் காட்டை வளைத்துப்போட்டு, விறகுக்கும் புல்லுக்கும் தடை போட்ட ஆத்திரத்தில் மலைமக்களே காட்டுக்குத் தீ வைத்தார்கள். அரசு விசாரணைக் குழு அமைத்தது; பல காடுகளின் மீது இருந்த தடைகள் தளர்ந்தன; 1931இல் வன பஞ்சாயத்துகள் சட்டப்படி வந்தன. ஊரார் கையில் கொஞ்சம் காடு வந்தது, அதைக் காக்கும் பொறுப்பும் கூடவே வந்தது. 2006 வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களுக்கும் அந்த வழியைத் திறந்துவைத்திருக்கிறது. கிராம சபைக்குச் சமூக வன உரிமை கிடைத்துவிட்டால், புதர் வெட்டவும் கோடு போடவும் யாரிடமும் கைகட்டி நிற்கவேண்டியதில்லை.

சென்னைக் குடிசைகளின் கதையும் அரசுத் திட்டம் வந்த பிறகுதான் மாறியது. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் தீப்பிடிக்காத வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 1970இல் குடிசை மாற்று வாரியம். அந்தக் கட்டடங்களில் எத்தனையோ குறைகள் உண்டு. அவற்றை இந்த ஊர் மக்கள் வீதிக்கு வந்தே சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் ஒரே இரவில் நூறு குடும்பம் வீதிக்கு வரும் கொடுமை குறைந்தது. மலைக்கு அந்த அக்கறை இன்னும் போய்ச் சேரவில்லை.

ஜனவரி 26 அன்று தமிழ்நாடு முழுவதும் கிராம சபை கூடுகிறது. தீக்காலம் தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கும் நாள் அது. காட்டோரத்து ஒவ்வொரு கிராம சபையிலும் அன்று தீர்மானம் போடட்டும்: வீட்டைச் சுற்றிச் செத்தை அகற்ற ஊரக வேலைத் திட்டத்தில் கூலி, தீத்தடுப்புக் காவலர்களுக்கு ஆண்டு முழுக்கச் சம்பளம், வண்டி போய்வரப் பாதை, உயிர்தப்பிக் கூட ஒரு வெட்டவெளி. நகரத்துப் பகுதி சபைகளில் நம்மவர்களும் எழுந்து கேட்கட்டும்: தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகள் புளியந்தோப்பில் எத்தனை, வண்டிகளை நிறுத்தி வழியை அடைத்திருப்பது எங்கெங்கே, கொடுங்கையூர் குப்பை மேட்டில் புகை எழுந்தால் யாருக்கு முதலில் சொல்லவேண்டும்? கேட்டதற்குப் பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள்.